ஓடுகிற வீடியோ எடிட்டிங்கில் ஏன் ஏறுவதில்லை?



ஒரு வீடியோ ஃபைலைத் தட்டினால் கணினியில் ஜோராக ஓடுகிறது. அதையே எடிட்டிங் மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டால் "இந்த ஃபைலைப் படிக்க முடியவில்லை" என்கிறது. அல்லது சத்தம் வருகிறது, படம் வரவில்லை. இரண்டும் வந்தாலோ, போகப் போக வாயசைவு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். கேப்சர் வேலையில் கை வைத்த யாருக்கும் இது புதிதல்ல. உடனே என்ன செய்கிறோம்? இணையத்தில் கைக்குக் கிடைத்த கன்வெர்ட்டரை இறக்கி, கேட்கிற கேள்விக்கெல்லாம் ஓகே, ஓகே என்று தட்டி, வேறு ஒரு ஃபைல் ஆக்குகிறோம். அது ஏறிவிட்டால் 'அப்பாடா' என்று பழைய ஃபைலை அழித்தும் விடுகிறோம். இந்தக் கட்டுரை அந்தக் கடைசிப் பழக்கத்துக்கு எதிராக எழுதப்படுவது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மிடம் இந்த வேலைக்காக வருபவை பெரும்பாலும் கல்யாண கேசட்டுகள். நம்ம கதிர்காமம், கோரிமேடு, இந்திரா நகர் பக்கம் பல வீட்டு பீரோக்களில் பட்டுப்புடவைக்கு அடியில் வி.எச்.எஸ். கேசட் இன்னும் தூங்குகிறது. கடற்கரை ஊர், ஈரக்காற்று; டேப்பில் பூஞ்சணம் பிடிக்கிறது. வி.சி.ஆர். தயாரித்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே கையில் இருக்கும் பழைய மிஷினில் அந்த டேப் இன்னும் ஒரே ஒருமுறைதான் ஒழுங்காக ஓடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஓடும்போது நாம் பிடிக்கிற ஃபைல்தான் இனி அந்த வீட்டுக்கு அசல். கேசட்டில் இருக்கிற தாத்தாவின் குரல் வேறு எங்கும் பதிவாகாமலே அவர் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

பிரான்சிலிருந்து வந்த கேசட்

'காம்பேடபிலிட்டி', அதாவது ஒத்துப்போகாத தகராறு, கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்தது என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரிக்காரர்களுக்கு அது அதற்கும் முந்தைய சமாச்சாரம். 1962-ல் சட்டப்படியான இணைப்பு நடந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பிரான்சில் குடியேறினார்கள். அங்கே நடந்த கல்யாணமும் புதுநன்மை விழாவும் கேசட்டாக இங்கே வந்தன. இங்குள்ள வி.சி.ஆரில் போட்டால்? படம் தெரியும், அசையும், சத்தமும் கேட்கும். ஆனால் எல்லாம் கறுப்பு வெள்ளை!

காரணத்தைப் பாருங்கள். பிரான்ஸ் 1967-லிருந்து கலர் ஒளிபரப்புக்கு செகாம் முறையைக் கையாண்டது. நம் தூர்தர்ஷன் 1982-ல் கலருக்கு வந்தபோது பால் முறையில் வந்தது. இரண்டுக்கும் 625 வரி, வினாடிக்கு 25 ஃபிரேம். வெளிச்சத்தைச் சொல்லும் சிக்னல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் படம் உருளாமல் நிற்கிறது. கலரை ஏற்றும் விதம்தான் வேறு. பாலில் இரண்டு கலர்த் தகவல்களும் ஒரே துணை அலையில் சேர்ந்து பயணம் செய்கின்றன. வரிக்கு வரி ஒன்றின் கட்டம் தலைகீழாகிறது. செகாமில் ஒரு வரியில் ஒரு கலர்த் தகவல், அடுத்த வரியில் மற்றது, அதுவும் எஃப்.எம். ரேடியோ போல அலைவெண் மாற்றமாக. பால் மிஷினுக்கு இது புரியாது. புரியாததை விட்டுவிட்டு, புரிந்த வெளிச்சத்தை மட்டும் காட்டுகிறது.

இதில் நமக்குப் பாடம் என்ன? கலர் போய்விடவில்லை, டேப்பிலேயே இருக்கிறது. செகாம் ஓட்டத் தெரிந்த வி.சி.ஆரில் போட்டு, கேப்சர் கார்டின் அமைப்பிலும் செகாம் என்று தேர்ந்தெடுத்தால் மணப்பெண்ணின் புடவை அரக்கா மயில் பச்சையா என்று தெரிந்துவிடும். பழைய பிடி878, எஸ்ஏஏ7134 சிப் போட்ட கார்டுகளுக்குக்கூட இது தெரியும். ஆனால் ஒரு எச்சரிக்கை: வளைகுடாவிலிருந்து வந்த 'மல்டி சிஸ்டம்' மிஷின்களில் பலவற்றில் இருப்பது மெசெகாம் என்ற வேறு பதிவு முறை, பிரான்ஸ் டேப்புக்கு அது உதவாது. பால் என்றே வைத்துக் கறுப்பு வெள்ளையாகப் பிடித்துவிட்டு, பிறகு எந்தக் கன்வெர்ட்டரில் போட்டாலும் கலர் வராது. ஃபைலுக்குள் இல்லாததை மென்பொருள் எங்கிருந்து கொண்டு வரும்?

அமெரிக்காவிலிருந்து வரும் என்.டி.எஸ்.சி. டேப்பின் கதை இன்னும் மோசம். வரியே 525, ஃபிரேம் 29.97. நம் ஊர் மிஷின் சிலவற்றில் அது டி.வி.யில் ஓடும், ஆனால் வெளியே வருவது பால்-60 என்ற கலப்பு சிக்னல். கேப்சரிலும் பால்-60 என்றே தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் நிற்காது. சரி, ஃபைலுக்கு வருவோம்.

தூக்கும் சாப்பாடும்

ஏவிஐ, எம்பி4, எம்ஓவி, எம்கேவி என்று ஃபைல் பெயரின் வாலில் வருகிறதே, அது சாப்பாட்டுத் தூக்கின் பெயர். உள்ளே இருக்கும் சாப்பாட்டின் பெயர் அல்ல. தூக்கின் ஒரு அடுக்கில் படம், இன்னொன்றில் சத்தம், எது எப்போது வர வேண்டும் என்ற நேரக்குறிப்பு தனியே. படத்தையும் சத்தத்தையும் எந்த முறையில் சுருக்கியிருக்கிறது என்பதுதான் கோடெக். ஒரே ஏவிஐ தூக்குக்குள் டிவி இருக்கலாம், எம்ஜேபெக் இருக்கலாம், டிவ்எக்ஸ் இருக்கலாம். "சார், இதுவும் ஏவிஐ, அதுவும் ஏவிஐ, இது ஏறுது, அது ஏறலையே" என்றால் பதில் இதுதான்.

விஎல்சி பிளேயரில் எல்லாம் ஓடுவது ஏன்? அது ஊரில் உள்ள கோடெக்குகளில் பெரும்பாலானவற்றைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. எடிட்டிங் மென்பொருள் தனக்கு உரிமம் உள்ளதை, தான் சோதித்ததை மட்டும் ஏற்கிறது. இன்னொரு காரணமும் உண்டு, இதுதான் முக்கியம். பிளேயருக்கு முன்னே போனால் போதும். எடிட்டிங்குக்கு எந்த ஃபிரேமில் கை வைத்தாலும் அந்த ஃபிரேம் உடனே வேண்டும்.

மளிகைக்கடைக் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாத ஆரம்பத்தில் மொத்த பாக்கியை ஒருமுறை எழுதுகிறார் கடைக்காரர். அதற்குப் பிறகு தினம் கூடினதையும் குறைந்ததையும் மட்டும் எழுதுகிறார். இருபதாம் தேதி பாக்கி எவ்வளவு என்று கேட்டால், முதல் தேதிக்குப் போய் வரிசையாகக் கூட்டிக் கழித்துத்தான் சொல்ல வேண்டும். எம்பெக்-2, எச்.264 எல்லாம் இந்த ரகம். முழுப்படம் எப்போதாவது ஒன்று. நடுவில் 'முன்னதிலிருந்து என்ன மாறியது' என்ற குறிப்புகள். சில குறிப்புகள் பின்னால் வரப்போகும் படத்தையும் பார்க்கச் சொல்லும். டிவிடி ரக எம்பெக்-2-ல் பொதுவாக 12 ஃபிரேமுக்கு ஒரு முழுப்படம். எக்ஸ்264 என்கோடரை அதன் இயல்பு அமைப்பில் விட்டால் 250 ஃபிரேம் வரைக்கும்கூட ஒரே முழுப்படத்தை வைத்து ஓட்டிவிடும்; 25 ஃபிரேம் கணக்கில் பத்து வினாடி! டைம்லைனில் நீங்கள் ஒரு இடத்தில் கத்தி வைக்கும்போது கம்ப்யூட்டர் ஏன் மூச்சு வாங்குகிறது என்று புரிகிறதல்லவா?

டிவி, எம்ஜேபெக், புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆகியவை தினமும் மொத்த பாக்கியை எழுதும் நோட்டு. இடம் நிறைய அடைக்கும். கேட்டதும் பதில் வரும். எடிட்டிங்குக்கு ஏற்றவை இவையே.

ஆகவே ஒரு ஃபைல் ஏறவில்லையென்றால் கன்வெர்ட்டரைத் தேடாதீர்கள். முதலில் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் போட்டுத் தூக்கு என்ன, கோடெக் என்ன, ஃபிரேம் வேகம் நிலையானதா மாறுவதா, சத்தம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள். பாதி கேஸ்களில் சாப்பாட்டில் குறையே இருக்காது, தூக்குதான் பிடிக்கவில்லை. திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளை எம்கேவியில் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எம்பி4-ல் உள்ளடக்க அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் மொத்த ஃபைலும் போச்சு. எம்கேவியில் அதுவரை பிடித்தது மிஞ்சும். நம் ஊர் கரண்டை நம்பி எம்பி4-ல் பிடிக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் சில எடிட்டிங் மென்பொருள் எம்கேவியை வாங்காது. அப்போது ஓபிஎஸ்ஸிலேயே இருக்கும் 'ரீமக்ஸ்' வசதியால், அல்லது எஃப்எஃப்எம்பெக்கில் 'காப்பி' என்று கட்டளை கொடுத்து, தூக்கை மட்டும் மாற்றிவிடலாம். உள்ளே இருக்கும் ஒரு பிட்கூட மாறாது. ஒரு மணி நேர ஃபைலுக்குச் சில நிமிடம்கூட ஆகாது. இதையே கன்வெர்ட்டரில் போட்டால் மணிக்கணக்கில் ஓடும், படமும் ஒரு படி மங்கும்.

டிவி டேப் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிவி ஏவிஐயில் டைப்-1, டைப்-2 என்று இரண்டு உண்டு. முதலாவதில் சத்தம் படத்தோடேயே பின்னிக் கிடக்கும். இரண்டாவதில் தனி அடுக்காகவும் இருக்கும். பழைய எடிட்டிங் மென்பொருள் சிலவற்றில் டைப்-1 போட்டால் ஊமைப்படம்தான். இதற்கும் தூக்கு மாற்றமே போதும்.

கெட்டிமேளம் முந்திக்கொண்டால்

கல்யாண கேசட்டில் வரும் பெரிய தொல்லை, தாலி கட்டும் இடத்தில் தெரியும். கேசட் தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும். முக்கால் மணி நேரம் கழித்து மாப்பிள்ளை கையைத் தூக்குமுன்பே கெட்டிமேளம் கொட்டிவிடும். தவில் அடிக்கிற கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். 'எடிட்டிங் சரியில்லை' என்று வீட்டார் நம்மைத்தான் சொல்வார்கள்.

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, இரண்டு கடிகாரம். படத்தைக் கேப்சர் கார்டும் சத்தத்தைக் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டும் தனித்தனியே பிடித்தால், இரண்டின் கிரிஸ்டலும் ஒன்றாக ஓடாது. வினாடிக்கு 48,000 மாதிரி எடுக்க வேண்டிய இடத்தில் சவுண்ட் கார்டு 47,990 எடுக்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 10, அதாவது 0.0208 சதவீதம். ஒரு மணிக்கு, அதாவது 3,600 வினாடிக்கு, முக்கால் வினாடி. கிட்டத்தட்ட 19 ஃபிரேம்! இந்த ஃபைலை மென்பொருள் 48,000 என்றே நினைத்து ஓட்டுவதால் சத்தம் சிறுகச் சிறுக முந்துகிறது. மொத்தச் சத்தத்தையும் அந்த அளவுக்கு நீட்டினால் சரியாகும். படமும் சத்தமும் ஒரே கருவி வழியாக வரும்படி பிடித்தால் தொல்லையே இல்லை.

இரண்டு, விட்டுப்போன ஃபிரேம். தேய்ந்த டேப்பின் சிக்னல் நடுங்கும். கேப்சர் கார்டு ஃபிரேமை நழுவ விடும். நிமிடத்துக்கு ஒரு ஃபிரேம் விட்டாலும் இரண்டு மணி நேர கேசட்டில் 120 ஃபிரேம், 4.8 வினாடி. இங்கே படம் குறைவதால் சத்தம் பின்தங்குவது போலத் தெரியும். முந்துகிறதா பிந்துகிறதா என்று கவனித்தாலே நோய் எது என்று பாதி தெரிந்துவிடும். இதற்கு ஃபைலில் மருந்தில்லை. டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவியை நடுவில் வைத்து மறுபடி பிடிக்க வேண்டும். சில நல்ல எஸ்-வி.எச்.எஸ். மிஷின்களில் அது உள்ளேயே இருக்கிறது. மலிவான யு.எஸ்.பி. கேப்சர் குச்சியோடு வரும் மென்பொருள் பெரும்பாலும் விட்ட கணக்கைச் சொல்லாது. விர்ச்சுவல்டப் சொல்லும். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே பிடியுங்கள், டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

மூன்றாவது இந்தக் காலத்தது: செல்போன். போன் கேமரா 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டாலும் மண்டப வெளிச்சம் குறைந்தால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளேயர் நேரக்குறிப்பைப் பார்த்து ஓட்டுவதால் ஒன்றும் தெரியாது. எடிட்டிங் மென்பொருள் சில, ஃபிரேமை எண்ணி ஓட்டும், அங்கே நழுவுகிறது. ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்று தேர்ந்தெடுத்து மாற்றினால் சரியாகிவிடும். கன்வெர்ட் செய்தே ஆக வேண்டிய நியாயமான கேஸ் இது.

ஆரத்தித் தட்டு சீப்பாகத் தெரிந்தால்

டேப் படம் இன்டர்லேஸ் முறை. ஒரு ஃபிரேமில் ஒற்றைப்படை வரிகள் ஒரு புலம், இரட்டைப்படை வரிகள் இன்னொரு புலம். இரண்டுக்கும் நடுவே ஐம்பதில் ஒரு வினாடி இடைவெளி. கம்ப்யூட்டர் திரையில் ஆரத்தித் தட்டு சுற்றும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரிவது இதனால்தான். அது பழுதல்ல. பழுது எப்போது என்றால், எந்தப் புலம் முதலில் என்று மென்பொருளுக்குத் தவறாகச் சொல்லும்போது. டிவி ஃபைல்களில் கீழ்ப்புலம் முதல். அனலாக் கேப்சர் கார்டுகள் பலவற்றில் பால் படத்துக்கு மேல்புலம் முதல். இரண்டையும் ஒரே டைம்லைனில் கலந்து கவனிக்காமல் விட்டால் ஊர்வலம் முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி என்று துள்ளும். ஃபைலின் அமைப்பில் ஒரு இடத்தில் மாற்றினால் தீர்ந்தது. ஆனால் இன்டர்லேஸ் படத்தை அப்படியே உயரம் மாற்றி வெளியே எழுதிவிட்டால் இரண்டு புலமும் கலந்து கஞ்சியாகிவிடும்; அதைத் திருப்ப வழியே கிடையாது. முதலில் டீஇன்டர்லேஸ், பிறகுதான் அளவு மாற்றம். அதுவும் 25 ஃபிரேமாக அல்ல, 50 ஃபிரேமாக. அப்போதுதான் அசைவு டேப்பில் இருந்தது போலவே வழுக்கிக்கொண்டு போகும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 720-க்கு 576 என்று பிடிக்கும் படத்தின் புள்ளிகள் சதுரம் அல்ல. 4:3 ஆகக் காட்ட வேண்டும். சதுரப் புள்ளியில் அது 768-க்கு 576. சொல்லாவிட்டால் எல்லோரும் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிவார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 16:9-க்கு இழுத்து நிரப்பினால்தான் வம்பு. சம்பந்தியம்மாள் சும்மா விடமாட்டார்!

எதில் பிடிப்பது?

கணக்குப் போடுவோம். ஒரு புள்ளிக்கு இரண்டு பைட் என்றால் 720 × 576 × 2 × 25 = வினாடிக்கு 2,07,36,000 பைட். மணிக்குச் சுமார் 75 ஜி.பி. சுருக்காமல் பிடித்தால் இதுதான். இழப்பில்லாச் சுருக்கமான ஹஃப்ஒய்யுவி, எஃப்எஃப்வி1 ஆகியவற்றில் இது ஏறக்குறையப் பாதியாகும். டிவியில் சத்தத்தையும் சேர்த்து வினாடிக்கு 3.6 எம்.பி., மணிக்கு 13 ஜி.பி. தான். வீட்டுக் கேசட்டுக்கு டிவியே தாராளம் என்று சொல்பவர்கள் உண்டு. என் கருத்து வேறு: ஹார்ட் டிஸ்க் மலிந்துவிட்ட நாளில், இனி ஓடுமோ ஓடாதோ என்கிற டேப்பை எஃப்எஃப்வி1-ல்தான் பிடிக்க வேண்டும். 2021-ல் இணையப் பொறியியல் குழுவின் ஆவணமாகவே அது வெளியாகிவிட்டது. நாளைக்குப் படிக்க ஆள் இல்லை என்ற பயம் குறைவு. பென் டிரைவ் ஃபேட்32-ல் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டாது, டிவியே சுமார் 19 நிமிடத்தில் நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

"எஃப்எஃப்வி1 எடிட்டிங்கில் ஏறாதே?" என்பீர்கள். ஏற வேண்டியதில்லை. அதிலிருந்து புரோரெஸ்ஸிலோ டிஎன்எக்ஸ்எச்ஆரிலோ ஒரு வேலைப் பிரதி எடுங்கள். அதை வெட்டி ஒட்டுங்கள். சினிமாக்காரர்கள் இதை என்றோ செய்துவிட்டார்கள். 1994 பொங்கலுக்கு வந்த கமல்ஹாசனின் 'மகாநதி', ஆவிட் கணினி முறையில் தொகுக்கப்பட்ட முன்னோடி இந்தியப் படமாகச் சொல்லப்படுவது. ஆவிட் முறையில் ஃபிலிமைத் தரம் குறைந்த வீடியோவாக மாற்றிக் கணினியில் ஏற்றி, திரையில் எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டிப் பார்ப்பார்கள். முடிவானதும், ஃபிலிம் ஓரத்தில் அச்சிட்ட எண்களின் பட்டியல்படி நெகட்டிவ் ஒருமுறைதான் வெட்டப்படும். நெகட்டிவை யாரும் கன்வெர்ட் செய்துவிட்டுத் தூக்கிப் போடவில்லை. நம் அசல் ஃபைல்தான் நம் நெகட்டிவ்.

வேலை தொடங்குமுன் கேசட்டின் முதுகில் உள்ள பிளாஸ்டிக் முனையை உடைத்துவிடுங்கள். தப்பித்தவறிக்கூட மேலே பதிவாகாது. ஜன்னல் வழியே பார்க்கும்போது டேப் சுருளில் வெள்ளைப் பொடி தெரிந்தால் மிஷினில் போடவே போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிடித்து முடிந்ததும் தொடக்கம், கெட்டிமேளம், கடைசிப் பத்து நிமிடம் என்று மூன்று இடத்தில் வாயையும் கையையும் சத்தத்தோடு ஒத்துப் பாருங்கள். வீட்டாரிடம் கொடுக்கும்போது போனில் ஓடுகிற எம்பி4 ஒன்று, தொடாத அசல் ஒன்று, இரண்டையும் ஒரே டிஸ்கில் போட்டுக் கொடுங்கள். கேசட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பழைய லேபிளைக் கிழிக்காமல்.